மருமகள் பேரில் ஒரு நோய்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே கிணற்றில் மோட்டார் ஓடுகிறதா, கக்கூஸ் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்க்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் எதில் செத்தான், பெரியப்பனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். மாட்டுத் தாவணிச் சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பல்லைப் பார்த்துவிட்டுக் கைமேல் துண்டைப் போட்டு விலையைப் பேசிவிடுவான். இவர்களுக்குப் பல்லும் போதாது.

என் மகள் பாண்டிசெல்வியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்களும் இப்படித்தான். மாப்பிள்ளை ஜெயபாண்டி போலீஸில் இருக்கிறார். அவர் அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அவருடைய அக்கா மாரீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எடுத்த எடுப்பில் என் மகளின் ரத்தம் என்ன வகை என்று கேட்டாள்.

"அது எதுக்கும்மா?" என்றேன்.

"நாளைக்குப் பிள்ளை பொறக்கும்போது வேணும்ல மாமா. எங்க வீட்டுக்கு வந்துட்டா நாங்கதானே பாக்கணும்" என்று சிரித்தாள்.

சிரித்துக்கொண்டு கேட்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் பேர் சோலைச்சாமி. தளவாய்புரம் பக்கம். தென்னையும் கொஞ்சம் மாவும் இருக்கிறது. படிப்பு அஞ்சாவதோடு சரி. சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் முத்துப்பாண்டி பட்டாளத்தில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி யுவராணி, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்துப் பெண். இன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா என்னை உட்கார வைத்து யுவராணியைப் பற்றிக் கேட்டார். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் மகளைத் தெரியாது, அதனால் சொல்லலாம். மற்றபடி மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பாண்டிசெல்விக்குச் சின்ன வயதில் ஒன்றிரண்டு தடவை கை கால் இழுத்தது. தாயத்துக் கட்டினோம், நின்றுவிட்டது. நின்றுவிட்டதை எதற்கு மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வது? வெற்றிலை பாக்கு மாற்றி, சேலை எடுக்க ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனேன். பிச்சை முகம்மது கடையில் பட்டுச் சேலையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வாயில் நுரை. பிச்சை முகம்மது நல்ல மனுஷன். சேலை போனது போகட்டும் என்று தன் காரிலேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். அவரும் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, பிள்ளையோட ஆதார் கார்டு குடுங்க. ஒரு தடவை ஏத்திட்டா போதும். இனி ஃபைலைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். இங்க பாத்தது, மதுரையில பாத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாத்தது எல்லாம் ஒரே நம்பர்ல வந்துரும்."

"ஸ்ரீவில்லிபுத்தூர்லயுமா?"

"ஆமா. போன மாசம் அவுங்களும் எங்களோட சேந்துட்டாங்க" என்று ஆஸ்பத்திரியின் பேரையும் சொன்னாள். மாரீஸ்வரி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி.

அந்தப் பெண் அதை ஏதோ பெரிய உபகாரம் மாதிரிச் சொன்னாள். என் வீட்டுப் பிள்ளை எங்கே விழுந்தாள் என்று பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவள் ஏன் பார்க்க வேண்டும்? ஊரில் ஒருத்தன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தால் கையைக் காலை முறிக்கிறோம். இவர்கள் வீட்டுக்கு வீடு சுவரை இடித்துவிட்டு வசதி என்கிறார்கள்.

என் பையில் இரண்டு கார்டு இருந்தது. மகளுடையது ஒன்று. ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த யுவராணியுடையது ஒன்று. யுவராணி கார்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படத்தில் யார் முகமும் யாருக்கும் அடையாளம் தெரியாது. வயதும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போனுக்கு ஒரு நம்பர் வரும் என்றாள், என் போனுக்குத்தான் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாருடைய கார்டிலும் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒருத்தனிடம்தான் சாவி இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் பாண்டிசெல்வி அங்கே யுவராணிதான். முதல் தடவை பேரைக் கூப்பிட்டபோது உட்கார்ந்தே இருந்தாள். முழங்கையால் இடித்தேன்.

"மதினி பேர்ல எதுக்குய்யா? பாவம்ல" என்றாள்.

"ஏட்டி, வாயை மூடிட்டு உள்ள போ. பேருல என்ன, தேஞ்சா போயிரும்?"

யுவராணி அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகாராஜபுரத்துக்கு அனுப்பினோம். அவளுடைய அம்மா வெள்ளத்தாய், சம்பந்தி வீட்டு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாரீஸ்வரியின் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத் தோப்பில் தேங்காய் வெட்டு. மரத்தில் ஆள் நிற்கிறான், கீழே நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளத்தாய் போன் பண்ணி, "அண்ணே, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்காம், சொல்லுங்க" என்றாள். படித்துச் சொல்லிவிட்டேன். யோசிக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான்.

சாயங்காலம் யுவராணி கூப்பிட்டாள்.

"மாமா, எனக்கு வலிப்பாமே?"

ஆள் இல்லாத பக்கமாகப் போய் நின்றேன்.

"டாக்டர் கம்ப்யூட்டர் பொட்டில பாத்துட்டுக் கேக்காரு, ராஜபாளையத்துல மாத்திரை சாப்புடுதீகளேன்னு. நான் ராஜபாளையத்துல அல்வாதான சாப்புட்டிருக்கேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள தேதியப் பாத்தேன். நீங்களும் பாண்டிசெல்வியும் சேலை எடுக்கப் போன நாளு."

கெட்டிக்காரப் பெண். உடனே பிடித்துவிட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"மாரீஸ்வரி மதினி பக்கத்துல நின்னாக. ஆமா, எப்பவாச்சும் வரும்னு சொல்லிட்டேன். அம்மா அப்ப வெளிய நின்னா."

எனக்கு உயிர் வந்தது. "கல்யாணம் முடியட்டும்த்தா. செத்த பொறு. பொறவு நானே போயி மாத்திக் குடுக்கேன். வீட்டுல யார்ட்டயும் சொல்லாத. ஒங்க அம்மாட்டக்கூட."

"சரி மாமா. வயித்துல ஒண்ணு, பேர்ல ஒண்ணு. ரெண்டையும் சொமக்கேன். எனக்கு ஒரு சேலை சேத்து எடுங்க" என்று சிரித்தாள். பிறகு, "இவுக குடுக்கிற மாத்திரைய என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"வாங்கி வச்சுக்க. போட்டுறாத. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

பாருங்கள், நான் அவளுடைய நல்லதையும் பார்த்துத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை மட்டும் பாண்டிசெல்வியை ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனேன், அதோடு நிறுத்தினேன். அங்கே போனால் இங்கே தெரிகிறது. கடைசியாக அவள் போன நாளில் யுவராணி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன். நர்ஸ் இருக்கிற வீட்டுக்குள் அந்த அட்டையைக் கொண்டு போக முடியுமா?

யுவராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயையும் பிள்ளையையும் மகாராஜபுரத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

பிரசவத் தீட்டு கழிவதற்கு முன்னால் ஒரு நாள், கல்யாண மண்டபம் பார்க்க நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா சௌந்தரபாண்டியனும் நானும் பந்தி எத்தனை பேருக்கு என்று பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. யுவராணிக்குக் காலையிலிருந்து தலைவலி, கண் மங்குகிறது என்றாளாம். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தவள் வெட்டி இழுத்து விழுந்துவிட்டாளாம். ஆட்டோவில் தூக்கி வந்திருந்தார்கள். நானும் சௌந்தரபாண்டியனும் ஓடினோம்.

யுவராணி கட்டிலில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. சாம்சன் என்று ஒரு சின்ன வயது டாக்டர். ஒரு பக்கம் மாரீஸ்வரி, ஒரு பக்கம் வெள்ளத்தாய். டாக்டர் கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிரஷர் கூடுதலா இருக்கு. வலிப்பு வந்தாலும் ஏறும். ஆனா பிரசவமான பொம்பளைக்குப் புதுசா வலிப்பு வந்தா அது வேற சீக்கு. அதுக்கு வேற ஊசி போடணும், இப்பவே மதுரைக்கு அனுப்பணும். இதுல பழைய வலிப்புன்னு இருக்கு. அவுங்களும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. இந்தம்மா இல்லங்கிறாங்க. நீங்க சொல்லுங்க."

"எம்மவளுக்கு எந்தக் காலத்துலயும் அப்படிக் கெடையாது சாமி" என்று வெள்ளத்தாய் கத்தினாள். "பெத்தவ சொல்றேன். எவனோ தப்பா எழுதி வச்சிருக்கான். அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாரீஸ்வரி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா பார்த்தார். யுவராணிக்கு இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் ராஜபாளையத்தில் மாத்திரை வாங்கியது யார்? அந்தக் கேள்விக்கு என் வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை அங்கே நின்றவர்களில் யாராக இருந்தாலும் நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பழசுதான்" என்றேன். "மாத்திரையை நிறுத்திப்புட்டா. அதான் வந்திருக்கு."

"அண்ணே" என்றாள் வெள்ளத்தாய்.

நான் அவளைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னேன். "கட்டிக் குடுக்கும்போது எங்ககிட்ட மறைச்சுட்டாக. பொறவுதான் தெரிஞ்சது. பொம்பளப் பிள்ளை காரியம்னு நாங்க பெருசு பண்ணல. பெத்தவ இப்பவும் மறைக்கத்தான் செய்வா. நீங்க பாக்குற வைத்தியத்தைப் பாருங்க."

சௌந்தரபாண்டியன் என் தோளில் கை வைத்தார். "ஒங்களுக்குப் பெரிய மனசு மச்சான்" என்றார்.

டாக்டர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். கம்ப்யூட்டர் ஆமா என்கிறது, யுவராணியே முன்பு ஆமா என்றிருக்கிறாள், மாமனார் ஆமா என்கிறார். பழைய வலிப்புக்கு உள்ள ஊசியைப் போட்டார். யுவராணி தூங்கினாள். வெள்ளத்தாய் மட்டும் தரையில் உட்கார்ந்து, மதுரைக்குக் கொண்டு போங்க, மதுரைக்குக் கொண்டு போங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் மறுபடியும் இழுத்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

முத்துப்பாண்டி காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தான். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மாத்திரையை நிறுத்தினாளாய்யா?"

"ஆமாப்பா."

"என்ட்டகூட மறைச்சுட்டாளேய்யா" என்றான். அதற்குமேல் அவன் மகாராஜபுரத்துப் பக்கம் திரும்பவில்லை. குழந்தையைத் தூக்கி வந்துவிட்டோம். பாண்டிசெல்விதான் புட்டிப்பால் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அழுதாள். வெள்ளத்தாய் பேத்தியைப் பார்க்க வருவாள், வாசலோடு நிற்பாள். முத்துப்பாண்டி லீவில் இருந்தவரை முகம் கொடுக்கவில்லை. நான் அவளை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. வெயிலில் வந்திருக்கிறாள், ஒரு சொம்பு மோர் கொடு என்று பாண்டிசெல்வியிடம் நான்தான் சொல்வேன்.

கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மண்டபம் வேண்டாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைக் குன்றில் பெருமாள் சன்னதியிலேயே முடித்தோம். இப்போது பாண்டிசெல்வி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம்.

இனி இன்றைக்கு நடந்தது. பிள்ளை பெற்றவள் செத்தால் அரசாங்கத்தில் விசாரிப்பார்களாம். டாக்டரம்மா பேர் ஹஃப்ஸா. மரியாதையாகப் பேசினார், டீ வாங்கித் தந்தார். டாக்டர் சாம்சனும் இருந்தார். ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தார்.

"ஐயா, உங்க மருமக பேர்ல ரெண்டு ஆஸ்பத்திரிக் கணக்கும் ஒண்ணா இருக்கு. ஒரே ஆளுக்கு ராஜபாளையத்துல ஓ பாசிட்டிவ் ரத்தம், இங்க பி பாசிட்டிவ் ரத்தம். ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, அங்க மாத்திரை வாங்குறாங்க, இங்க ஸ்கேன் எடுக்கிறாங்க. அது ரெண்டு பொண்ணு. இன்னொருத்தி யாரு?"

"கம்ப்யூட்டர் தப்பாப் போட்டிருக்கும்" என்றேன். "ஒண்ணோட ஒண்ணைக் கலந்து விட்டீகள்ல, கலங்கத்தான் செய்யும்."

"அது சேத்து வச்சதாலதான் இந்தத் தப்பே எங்களுக்குத் தெரிஞ்சது."

"தெரிஞ்சு என்ன, போனவ வந்துட்டாளா?"

சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை.

"போனவங்களுக்காகக் கேக்கல. அந்த இன்னொரு பொண்ணு இருக்காளே, அவளுக்குத்தான் நெசமாவே வலிப்பு. இப்ப மாத்திரை வாங்க வரதில்ல. அவ முழுகாம இருந்தா, இன்னும் ஆபத்து. தேடிப் பிடிக்கலாம்னா அவளுக்குன்னு ஒரு பேரு இல்ல. செத்தவ பேருக்குள்ள அவளை ஒளிச்சு வச்சிருக்கு. நீங்க ஒரு பேரைச் சொன்னா போதும். போலீஸுக்குப் போக மாட்டேன். மாத்திரையை மட்டும் குடுத்துருவேன்."

எனக்குத் தெரியும். அந்த இன்னொருத்தி என் மகள். யுவராணிக்கு ஒரு நாளும் வலிப்பு கிடையாது. அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதும் எனக்கு அது தெரியும். இல்லை என்று சொல்லியிருந்தால் மதுரைக்குக் கொண்டு போயிருப்பார்கள், பிழைத்திருப்பாள். தெரிந்துதான் ஆமா என்றேன். ஒருத்தி வாழ்க்கையா இன்னொருத்தி உயிரா என்று வந்தால் எந்தத் தகப்பனும் தன் பிள்ளை பக்கம்தான் நிற்பான். நின்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"எனக்கு யாரையும் தெரியாதும்மா" என்று எழுந்துவிட்டேன். டாக்டரம்மா வாசல்வரை வந்தார். என் போன் நம்பரைச் சொல்லி, இதுதானே என்று கேட்டார். ஆமா என்றேன். மனசு மாறினால் கூப்பிடச் சொன்னார். மாத்திரை கொடுக்கிறேன் என்பார்கள், கொடுத்ததைப் பொட்டியில் ஏற்றுவார்கள், அது நாலு ஊருக்குத் தெரியும். இவர்கள் பேச்சை எப்படி நம்புவது?

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். போன் அடித்தது. மாரீஸ்வரி.

"மாமா, பாண்டிசெல்வி அடுப்படியில விழுந்துட்டா. நாக்கைக் கடிச்சிருக்கா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சுன்னு தம்பி சொல்றான். எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்திருக்கோம். டாக்டர் நிக்காரு. சொல்லுங்க மாமா, அவளுக்கு முன்னாடி ஏதும் உண்டா?"

"ஒண்ணும் கெடையாதும்மா. மசக்கையில தலை சுத்தியிருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன வயசுல?"

"நீங்கதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாக்கீகளே. அவ பேரைப் போட்டுப் பாருங்க. ஒரு தலைவலிகூட இருக்காது."

பார்த்திருப்பார்கள். ஒன்றும் இருந்திருக்காது. ராஜபாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரமாக இடம் இருந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன். போன் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியாகிவிட்டதே.